மூன்று நூல்: விளாங்குடிக்கு ஒரு நாள்

மதுரைக்குப் போய்க் கோயில் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்பியவன் நான். ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நான் போனது ஃபால்ஸ் சீலிங் பார்க்க. திருச்சியில் என் வீட்டு மாடி அறையில் பகலில் உட்கார முடியவில்லை. ஜிப்சம் போர்டு அடித்தால் சூடு குறையும் என்றார்கள். ஐ.டி.ஐ.யில் என்னோடு படித்த ஜாபர் மதுரையில் பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறான். "ஒரு வீட்டுல வேலை ஓடுது, நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணு மாப்ள" என்றான். அவனுடைய கான்ட்ராக்டர் என் அறையைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். கிளம்புவதற்கு முந்தின நாளே அனுப்பிவிட்டேன்.

காலை 6.10க்குப் பேருந்து, டிக்கெட் 130 ரூபாய். ஒன்பது மணிக்கு மாட்டுத்தாவணி. அங்கிருந்து ஆரப்பாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் 15 ரூபாய், நாற்பது நிமிடம். நகரத்தைச் சுற்றிக்காட்டிவிட்டுத்தான் இறக்கிவிடுவார்கள், அவசரக்காரர்கள் ஆட்டோ பிடிக்கலாம். ஆரப்பாளையத்தில் ஜாபர் பைக்கோடு நின்றான். விளாங்குடி நாலு கிலோமீட்டர். ஆடிக் காற்றில் வாயெல்லாம் மண். வலது பக்கக் கண்ணாடியைச் சரிசெய்ய அவன் இடது கையைக் குறுக்கே நீட்டியதைக் கவனித்தேன்.

நாலு வருடம் முன்பு சாரத்திலிருந்து விழுந்தவன் அவன். அதன் பிறகு வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. தலைக்கு மேல் போர்டைத் தூக்க முடியாதவனுக்கு இந்தத் தொழிலில் என்ன வேலை இருக்கிறது? அளவெடுக்கும் வேலை இருந்தது. அதை வைத்துத்தான் வீட்டு அடுப்பு எரிந்தது. இந்த வருடம் அதற்கும் ஒரு செயலி வந்துவிட்டது. அறையைக் கேமராவில் காட்டினால் அதுவே அளக்கும், கேமராவுக்குச் சிக்காத மூலை முடுக்கு அளவுகளை வாயால் சொன்னால் போதும். செயற்கை நுண்ணறிவு வரைபடம் போட்டுப் பசுமலையில் உள்ள பட்டறைக்கு அனுப்பும். போர்டுகள் வெட்டி, எண் போட்டு வந்து இறங்கும். ஜாபரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

"பேருலயே இருக்கு மாப்ள, ஆப்பு" என்று சிரித்தான்.

ஆனால் விளாங்குடி வீட்டில் போர்டு குட்டையாக வந்து, சுவரோரம் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விழுந்தது. சொன்ன அளவு பதினோரு அடி மூணு நூல். ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கை இவர்கள் நூல் என்பார்கள். செயலியோ "மூணு நூல்" என்பதை "முந்நூறு" என்று கேட்டு, அதற்கு அர்த்தம் புரியாமல் விட்டுவிட்டது. ஜாபரைத் திரும்பக் கூப்பிட்டது அதனால்தான். "நூல் தெரியாம சீலிங் போட வந்துட்டாய்ங்க" என்று வீட்டுக்காரரிடமும், டீ கொண்டுவந்தவரிடமும், என்னிடமும் சொன்னான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்து வருடங்கள் ஆயிற்று.

பதினொன்றரைக்குக் கான்ட்ராக்டர் போனில் வந்தார். "அண்ணே, அந்த நூல்னா எம்புட்டுன்னு ஆப்புல போட்டு விட்ருங்க. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்."

ஜாபருக்கு ஒரே பெருமை. போனை என்னிடம் நீட்டி, "நீ டைப் அடிடா, எனக்குப் பிழை வரும்" என்றான். ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், அரை நூலும் உண்டு, பேச்சில் நூறு மாதிரிக் கேட்கும் என்று அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். பிறகு அதே சுவர் அளவை அவன் வாயால் சொன்னான். போனிலிருந்து ஒரு பெண் குரல் திருப்பிச் சொன்னது: "பதினோரு அடி, மூன்று நூல்."

"பாத்தியா, கப்புனு பிடிச்சிருச்சு" என்றான்.

மூன்று மணிக்குக் கான்ட்ராக்டர் மறுபடி அழைத்தார். "திங்கக்கிழமையிலருந்து போர்டு தூக்குற பக்கம் வந்துருங்கண்ணே. முடியாட்டி யோசிச்சுச் சொல்லுங்க." கெட்ட மனிதர் இல்லை, குரலில் தயக்கம் இருந்தது. ஜாபர் சரி என்றான். டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னை மாட்டுத்தாவணி வரைக்கும் கொண்டுவந்து விட்டான். "வாரேன்டா" என்றேன். அவன் இடது கையைத்தான் அசைத்தான்.

போகிறவர்களுக்கு: ஆடியில் முகத்துக்குத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் போதும், சாப்பாடு சேர்த்து ஐந்நூறுக்குள் முடியும். சீலிங் வேலையைப் பார்ப்பதானால் சுவரோரத்தைப் பாருங்கள், நடுவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை என் மாடி அறைக்கான அளவு போனுக்கு வந்தது. இங்கே வந்து யாரும் டேப் பிடிக்கவில்லை, நான் அனுப்பிய வீடியோ மட்டும்தான். நீளம் பன்னிரண்டு அடி, இரண்டு இஞ்ச், ஐந்து நூல் என்று இருந்தது. டேப்பை எடுத்து நானே அளந்தேன். ஒரு நூலாவது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இரண்டு தடவை அளந்தேன். சரியாக இருந்தது.