ஞானசௌந்தரி டீச்சரின் பங்கு

புன்னக்காயலில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும், முதல் எழுத்தை எழுதக் கற்றுக்கொடுத்தது ஞானசௌந்தரி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். நானும் அவரிடம்தான் படித்தேன். மாதா கோவிலை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பைத் தவிர வேறு வகுப்பை அவர் எடுத்ததே இல்லை. தலைமை ஆசிரியை ஆகும் முறை வந்தபோதும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைகளின் தலை மட்டும்தான் தெரியும், கை தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். கையைப் பார்த்தால்தான் ஒரு பிள்ளை எழுதுகிறதா, எழுதுவதுபோல் பாவனை செய்கிறதா என்று தெரியுமாம்.

அவருடைய கணவர் தொம்மை தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மகன் டெனிஸ் சிறுவனாக இருந்தபோதே அவர் காமாலை வந்து இறந்துவிட்டார். டெனிஸை எப்படியும் கல்லூரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று டீச்சர் தலைகீழாக நின்று பார்த்தார். டெனிஸ் அண்ணன் பத்தாம் வகுப்போடு மீன்பிடி வள்ளத்தில் ஏறிவிட்டார். ஊர்ப் பிள்ளையெல்லாம் டீச்சரிடம் படித்தது, டீச்சர் பிள்ளை மட்டும் கடலில் படித்தது என்று கரையில் கேலி செய்வார்கள். டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்காத ஒரே விஷயம் மகனின் குடி. சனிக்கிழமை மாலை மீன் விற்ற காசில் பங்கு பிரித்ததும் டெனிஸ் அண்ணன் கூட்டாளிகளோடு குடிக்கப் போய்விடுவார். மறுநாள் ஞாயிறு, யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. பாளையங்கோட்டையில் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்தேன். ஊரடங்கு வந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. சான்றிதழ்களைத் தகர டப்பாவில் வைத்துவிட்டு அம்மாவோடு கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். 2021 நவம்பர் முதல் நாள், திங்கட்கிழமை, சின்ன வகுப்புகளுக்கும் பள்ளி திறக்கிறது என்று அறிவித்தார்கள். அதற்குப் பத்து நாளுக்கு முன்னால் தலைமை ஆசிரியை ஃபிளோரா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தடுப்பூசி போடாத ஆசிரியர்களைப் பிள்ளைகளிடம் விட முடியாது, ஞானசௌந்தரி டீச்சர் மட்டும் போடவில்லை, காரணமும் சொல்லவில்லை, அந்தத் திங்கட்கிழமைக்குள் போடாவிட்டால் ஒன்றாம் வகுப்பை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டு வாசலில் நின்றபிறகுதான், யாருடைய வகுப்பு அது என்பது உறைத்தது.

வகுப்பறையைத் தயார் செய்ய நான் போன ஒவ்வொரு நாளும் டீச்சரும் வந்தார். உள்ளே வரவில்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்றுகொண்டார். நெற்றியில் ஒரு துணியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

“ஏட்டி பெனிஷா, பலகைய இன்னும் கீழ எறக்கி மாட்டு. பிள்ளேளு எழுதப் போவுதா, பல்லி எழுதப் போவுதா?”

நான் இறக்கி மாட்டினேன். பாயை வாசலுக்கு எதிரே போடாதே, தெருவில் போகிற அம்மாவைப் பார்த்ததும் பிள்ளை அழும் என்றார். தள்ளிப் போட்டேன். அவர் போய்விட்டு, கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து இன்னொன்று சொன்னார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டுமல்ல, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தை உள்ளே பார்த்ததில்லை என்று கம்பியைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே இருந்தார். ரோட்டில் போன ஒருவர், ஊசிக்குப் பயந்தவர் ஜன்னலுக்குப் பயப்படவில்லையே என்றார். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த நெற்றித் துணிதான் உறுத்தியது. டீச்சருக்குத் தலைவலி பழைய கூட்டாளி; அவர் கைப்பையில் மாத்திரை அட்டை இல்லாத நாளே கிடையாது. பள்ளிக்கே தெரியும். இப்போது அந்த அட்டையைக் காணோம். வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். குசினியில் அடுப்பு ஓரமாக உட்கார்ந்து, சுக்கை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை வாங்கி வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். ஏன் என்றேன். அவர் அரைப்பதை நிறுத்தினார்.

மே மாதம் டெனிஸுக்குக் கொரோனா வந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தது ஊருக்கே தெரியும். தெரியாததை டீச்சர் சொன்னார்.

“அவன் நோய்க்குப் போடுத ஊசி மருந்து அன்னைக்கு எங்கயும் கிடைக்கல்ல. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு மாதாட்ட நேந்துக்கிட்டேன். எம் பங்குக்குள்ள மருந்தையும் அவனுக்கே குடுத்துரு தாயே, அடுத்த திருவிழா வரைக்கும் ஒரு மாத்திர கூட எனக்கு வேண்டாம்னேன். மறுநாளு ஊசி வந்திச்சி. இப்பப் போயி எங்கையில குத்திக்கிட்டா, குடுத்தத திருப்பிக் கேட்ட மாதிரில்லா?”

கல்லூரியில் படித்ததெல்லாம் என் வாய் வரை வந்தது. மருந்து என்ன, பங்கு வைக்க மீனா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஃபாதரிடம் சொன்னால் நேர்ச்சையை மாற்றிக் கொடுப்பாரே என்று மட்டும் சொன்னேன்.

“மாத்திக் குடுப்பாரு, எனக்குத் தெரியாதா? நாளைக்கு அவன் கடல்ல கெடக்கையில காத்து அடிச்சா நான் யார்ட்டப் போயி நிப்பேன்?”

பிறகு, ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த வாக்குதான் என்னைப் படுக்கவிடவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சொன்ன சொல் காப்பாற்றப்படும். ஒன்றாம் வகுப்பும் எனக்குக் கிடைக்கும். இரண்டும் ஒரே பக்கமாக இருந்தன. எதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அம்மா எனக்காக ஒரு பருத்திச் சேலையைக் கஞ்சி போட்டு மடித்து வைத்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரைக்குப் போனேன். டெனிஸ் அண்ணன் வள்ளத்து நிழலில் உட்கார்ந்து வலைக் கண்ணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், புது டீச்சர் வந்தாச்சா, எங்கம்மாவை ஊசி விரட்டிவிட்டதா என்று சிரித்தார். தான் ஊசி போட்ட அன்றைக்கே நண்டு தின்றதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் இடைமறித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அம்மா நெற்றியில் துணி கட்டிக்கொண்டு திரிவது இதற்குத்தானா என்று மட்டும் கேட்டார். எழுந்து நடந்தவர், திரும்பி என்னையும் வரச் சொன்னார். தனியாகப் போனால் கோபத்தில் எதையாவது பேசிவிடுவாராம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டுக்காரன் ஒருவன் நோயில் படுத்துவிட்டால், மீன் விற்ற காசில் அவனுக்கும் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்புவார்கள். அவன் திரும்ப வள்ளத்தில் ஏறும்வரை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்துதான் அதைக் கொடுக்கிறார்கள். ஏறியபிறகும் அப்படி வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. டெனிஸ் அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்தார்.

“எம்மா, நான் படுத்துக் கெடந்தப்ப வள்ளத்துல எனக்குப் பங்கு வச்சாவளா, இல்லியா?”

“வச்சாவ.”

“எது வரைக்கும்?”

“நீ திரும்ப ஏறுத வரைக்கும்.”

“ஏறுன பொறவும் நான் வாங்கியிருந்தா என்ன சொல்லியிருப்பாவ?”

டீச்சரின் நெற்றிப் பற்று காய்ந்து உதிர்ந்தது.

“களவுன்னு சொல்லியிருப்பாவ. நான் வள்ளத்துல ஏறி ரெண்டு மாசம் ஆச்சி. ஒம் பங்கு மருந்த இன்னும் நான்தான் வாங்கிக்கிட்டிருக்கேன்னு கரையில தெரிஞ்சா, என் மூஞ்சில முழிப்பாவளா?”

டீச்சர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, மாதாவிடம் வெறுங்கையோடு போகச் சொல்கிறாயா என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

“வெறுங்கையோட வேண்டாம். அதுக்குப் பதிலா நான் ஒண்ணு வைக்கேன். குடிய விட்டுருதேன்.”

“இது மாதாவா கேட்டா? நான்லா பத்து வருசமாக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். டெனிஸ் அண்ணனும் சிரித்துவிட்டார். திருவிழா வரைக்கும் என்று அவர் சொன்னதும், அப்படியானால் திருவிழா அன்றைக்கே தொடங்கிவிடுவாய் என்றார் டீச்சர். அப்போதும் அவர் முகம் சிரிக்கவில்லை.

அன்று மாலை இருவரும் ஃபாதரிடம் போனார்கள். பின்னொரு நாள் டீச்சர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: ஃபாதர் அந்த நேர்ச்சையை இறக்கி வைத்து, மகன் வைத்ததை ஏற்றுக்கொண்டார், சனிக்கிழமைகள் கஷ்டமாக இருக்கும் என்று டெனிஸிடம் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் தடுப்பூசி முகாம். முன்பு முகாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடந்தது. சனிக்கிழமைக்கு மாற்றியது எங்கள் ஆட்களுக்கு வசதியாகப் போயிற்று. காய்ச்சல் வந்தாலும் ஞாயிறு முழுக்கப் படுத்துக்கொள்ளலாம், ஒரு நாள் தொழில் கெடாது. வரிசையில் டீச்சருக்குப் பின்னால் துணைக்கு டெனிஸ் அண்ணன் நின்றார். டீச்சர் இடது கையை நீட்டினார், வலது கை திங்கட்கிழமை வேண்டுமென்று. ஊசி குத்தும்போது அவர் நர்ஸைப் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை, மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனுக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. காய்ச்சல் வந்தால் போடச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஞாயிறு காலை நான் போனபோது டீச்சருக்கு உடம்பு கொதித்தது. மாத்திரை உள்ளங்கையிலேயே இருந்தது. டெனிஸ் அண்ணன் தண்ணீர் டம்ளரை நீட்டியபடி நின்றார். கடைசியில் டீச்சர் விழுங்கினார்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. மாஸ்க்கோடு பாதி முகம் மட்டும் தெரிகிற டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் அழுதன. அவர் ஒவ்வொன்றையும் யார் வள்ளத்துப் பிள்ளை என்று விசாரித்து, பாயில் உட்கார வைத்தார். என்னை இரண்டாம் வகுப்பில் உதவிக்கு வைத்துக்கொண்டார்கள், கிறிஸ்துமஸ் வரை. அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீச்சர் முதல் நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் சாக்பீஸ் கேட்டார். கொடுத்தேன்.

அவர் வகுப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது, இனி நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். அந்த வாரச் சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டைத் தாண்டி வந்தபோது வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார். நெற்றியில் துணி இல்லை. கரைக்குப் போனாயா என்று கேட்டார். போகவில்லை என்றேன். பங்கு பிரித்துவிட்டார்களா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

“எம் பங்குன்னா எங்கையில இருந்திச்சி பெனிஷா. நான் பாத்துக்கிட்டேன். இப்ப நேர்ச்ச அவன் கையில கெடக்கு.”

ஒரு பாரத்தை அவரிடமிருந்து எடுத்து, அதைவிடப் பெரிய பாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. அவரோடு சேர்ந்து நானும் தெருமுனைவரை நடந்தேன். திரும்பினோம். மறுபடியும் நடந்தோம்.

வெளிச்சம் போகிற நேரத்தில் டெனிஸ் அண்ணன் வந்தார். கையில் ஒரு கொத்து ஊளிமீன். எதற்காக இரண்டு பேரும் காவல் காக்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் மகன் முகத்தைப் பார்க்கவும் இல்லை, அருகே போய் மோந்து பார்க்கவும் இல்லை. மீனை வாங்குவதற்காகக் கையை நீட்டி, அது கை மாறும்வரை மகனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கவில்லை. டீச்சர் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். குசினியில் அரிவாள்மணை இழுபடும் சத்தம் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அந்த வழியாகப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். போனேன். டீச்சர் தெருமுனையில் கரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.