எதுக்கும் ஒண்ணு

வீட்டை விட்டுக் கிளம்புமுன் நாச்சிமுத்து சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். பேனா இருக்கும். ஆனாலும் உள்ளே திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்துச் செருகிக்கொள்வார். கைக்குட்டையும் இரண்டு. "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்" என்று முணுமுணுத்த பிறகுதான் செருப்பில் கால் நுழையும். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனிகளுக்கு எலாஸ்டிக் நெய்து கொடுப்பவர் அவர். அனுப்புகிற மூட்டையிலும் கேட்டதற்கு மேல் ஒரு ரோல் கிடக்கும்.

ஏற்றுமதியாளர் வேல்குமார்தான் அவரைக் கோவைப் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்துக்கு முதலில் கூட்டிப்போனார், ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில். மட்டையைப் பிடித்த கை பிறகு விடவில்லை. அங்கே தேநீர் அறைச் சுவரில் ஒரு தேக்குப் பலகை. வருடாந்தரப் போட்டியில் ஜெயித்தவர் பெயரை அதில் பொன்னெழுத்தில் எழுதுவார்கள். எல்லாம் பெரிய முதலாளிகள். அந்த வரிசையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டுமென்று நாச்சிமுத்துவுக்கு ஆசை. மனைவி முத்தாயியிடம்கூட அதைச் சொன்னதில்லை.

2006 போட்டியில் கடைசிக் குழிக்கு வந்தபோது அவரும் வேல்குமாரும் சமம். நாச்சிமுத்து அடித்த பந்து வேலமரப் புதர்ப் பக்கம் பறந்து மறைந்தது.

"போச்சுங்களே!" என்றார் வேல்குமார்.

"எதுக்கும் ஒண்ணு போட்டு வெக்கறனுங்க" என்று நாச்சிமுத்து பையிலிருந்து இன்னொரு பந்தை எடுத்து அடித்தார்.

பை தூக்கி வந்த ராபின் முன்னால் ஓடினான். "அண்ணாச்சி, இங்கன கெடக்கு!" முதல் பந்து புதருக்கு வெளியே, புல்மேல் முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. நாச்சிமுத்துவுக்கு உயிர் வந்தது.

"அது இனி ஆட்டத்துல இல்லீங்க" என்றார் வேல்குமார். "புரொவிஷனல்னு, மொதப் பந்து கெடைக்கலைன்னா மட்டும் ஆடற பந்துன்னு, சொல்லிப்போட்டு அடிச்சிருந்தா இதையே ஆடலாம். சொல்லாம அடிச்சா ரெண்டாவது பந்துதானுங்க, ஒரு அடி தண்டனையோட."

"எதுக்கும்னு சொன்னனுங்களே?"

"டீ சொல்றப்பவும் அதையேதான் சொல்றீங்க! எதைன்னு நான் ரூலா எடுத்துக்கறது?"

நாச்சிமுத்துவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது பந்தை ஆடினார். ஒரே ஓர் அடியில் தோற்றார்.

மறுவருடம் பலகையில் 2006க்கு நேரே வெறும் தேக்குதான் இருந்தது. "பெயின்டர் வரலீங்க" என்றார் வேல்குமார். அதற்கடுத்த வருடமும் அதே பதில்.

"நான் வேணா அனுப்பட்டுங்களா? எதுக்கும் ரெண்டு பேரா?"

வேல்குமார் சிரித்துக்கொண்டே பேச்சை நூல் விலைக்குத் திருப்பினார்.

ராபின் அந்த வேலையை விட்டுப் பனியன் கம்பெனியில் சேர்ந்த பிறகு, ஒருநாள் டீக்கடையில் வைத்துத்தான் நாச்சிமுத்துவிடம் சொன்னான். போட்டி முடிந்த மறுவாரம் வெளியூர் நடுவர் ஒருவரிடம் வேல்குமார் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அந்த இங்கிலீஷ் வார்த்தைதான் வேண்டுமென்றில்லை, முன்ஜாக்கிரதைக்கு அடிப்பதாக எந்தப் பாஷையில் சொல்லியிருந்தாலும் போதும் என்றாராம் நடுவர். அறிவித்த முடிவை மாற்ற வழியில்லை. ஜெயித்தவர் என்று வேல்குமார் பெயரை எழுதப் பெயின்டர் தூரிகையோடு வந்துதான் நின்றானாம். அந்த வரியை அப்படியே விட்டுவிடச் சொல்லித் திருப்பி அனுப்பியவர் வேல்குமார்.