பேர்கனில் நல்ல வெயில்

துருக்கிக் கரையோரமாக ஒரு மரக்கப்பலில் ஐந்தாறு நாள் மிதந்து திரிந்தேன் என்பதை இன்றுவரை என் அக்காவுக்கு நான் வாய்திறந்து சொன்னதில்லை. அவருக்குச் சொன்னது வேறு.

"பேர்கனிலை ஒரு குர்ஸ் இருக்கக்கா. ஒரு கிழமை. வேலையிடத்தாலை அனுப்புகினம்."

அக்கா உடனே நம்பினார். நான் ஒஸ்லோவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். ஆளைத் தூக்கும் இயந்திரத்துக்கும் பயிற்சி, மருந்துப் பெட்டிக்கும் பயிற்சி, கை கழுவுவதற்கும் பயிற்சி வைக்கிற நாடு இது. நோர்வேயின் மேற்குக் கரையிலிருக்கிற பேர்கனில் பயிற்சி என்றால் யாரும் நம்புவார்கள். "குடையை மறந்திடாதை, அங்கை ஒரே மழை" என்று மட்டும் சொன்னார்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் அக்கா தடுத்திருக்க மாட்டார். அதுதான் சிக்கல். "போட்டு வா, நீயும் பாவம்" என்றுதான் சொல்லியிருப்பார். அந்தப் 'பாவம்' என்ற சொல்லைச் சுமந்துகொண்டு கப்பலேற எனக்கு மனம் வரவில்லை. அத்தான் நான்கு வருடமாகப் பாரிசவாதத்தில் கிடந்தார். வலது கை, வலது கால், பாதி வாய் போய்விட்டது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டில் அவரைத் தூக்கி, திருப்பி, ஊட்டி, அக்காவின் முதுகு வளைந்துவிட்டது. கடைசியில் வீட்டுக்குக் கிட்டவே இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் அத்தானுக்கு அறை கிடைத்தது. அது நான் வேலை செய்கிற இடமல்ல. அதற்குப் பிறகும் அக்கா காலையில் போனால் இரவுச் சாப்பாடு முடியத்தான் வீடு திரும்புவார். விடுமுறை என்ற சொல்லையே அவர் மறந்திருந்தார்.

என் பங்கு சனிக்கிழமை. நான் குடியிருக்கிற ஹொல்ம்லியாவிலிருந்து ரயில் ஏறி, நகரத்தில் இறங்கி, சுரங்க ரயில் பிடித்துப் போய் அத்தானுக்குச் சவரம் செய்துவிடுவேன். அத்தான் முக விஷயத்தில் மகா பிடிவாதக்காரர். மீசை மேலுதட்டின் மேலே ஒரு கோடாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மற்ற நாட்களில் இல்லத்துப் பணியாளர்கள் மின்சவரக் கருவியோடு வந்தால் இடது கையால் தட்டிவிடுவார். சனிக்கிழமை வரை தாடி வளர்ந்து கிடக்கும். என்னைக் கண்டதும் நாடியைத் தூக்கிக் காட்டுவார்.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது இருபத்திரண்டு வயது. முதல் வேலைக்கான நேர்முகத்துக்குப் போகிற காலையில் கை நடுங்கி இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். அத்தான் கத்தியைப் பறித்து, என்னைக் கதிரையில் இருத்தி, தானே வழித்துவிட்டார். "ஆளுக்கு முன்னம் முகம்தான் உள்ளை போகும்" என்றார். அந்த வேலை கிடைத்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை. என் முகத்தை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

ஒரு சனிக்கிழமை, நுரையைத் துடைத்து முடித்த பிறகு, அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்தார். குழறிக் குழறித்தான் பேசுவார். எனக்கு விளங்கும்.

"நான் போனாலும் நீதான் வழிக்க வேணும். குளிப்பாட்டுறதும் நீதான். வேறை ஒருத்தரையும் விடாதை. மீசையை எடுத்துப் போடுவாங்கள்."

"ஓம் அத்தான்."

"ஓமோ?"

"ஓம். இது என்ரை வேலை தானே."

உண்மையில் அது என் வேலைதான். எங்கள் இல்லத்தில் யாராவது இறந்தால் சன்னலைத் திறந்துவிட்டு, ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, உடம்பைத் துடைத்து உடுப்புப் போடுகிறவர்களில் நானும் ஒருவன். எத்தனையோ நோர்வேஜியருக்குச் செய்திருக்கிறேன். சொந்தக்காரர் வந்து சேரும்வரை சில மணித்தியாலம் அறையிலேயே வைத்திருப்போம். அத்தான் கேட்டதையும் நான் ஓம் சொன்னதையும் அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நீச்சல் கதை இதற்கிடையில் நடந்தது. நாற்பத்தெட்டு வயதில், பெரியவர்களுக்கான வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். முதல் மாதம் முழுக்கக் குளத்தின் விளிம்பைக் கட்டிப்பிடித்தபடியே நின்றேன். பிறகு விட்டேன். விட்டதும் பிடித்துப்போயிற்று. வியாழன் மாலைகளில் மேலதிக வேலை என்று அக்காவிடம் சொல்வேன். அவர் அத்தானைத் தூக்கிக்கொண்டிருக்க, நான் தண்ணீரில் விளையாடப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? வகுப்பில் எட்டுப் பேர் ஒட்டிக்கொண்டோம். அவர்கள்தான் இந்தப் பயணத்தை ஒழுங்கு செய்தார்கள். என் மனைவி அந்த மாதம் கனடாவில் தன் தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். என்னைக் கேள்வி கேட்க வீட்டில் ஆளில்லை.

கப்பல் என்றால் அப்படியொரு கப்பல். இரண்டு பாய்மரம், மினுக்கிய மரத்தளம், எட்டுப் பேருக்கு நான்கு அறை. நாங்கள் தண்ணீருக்குள் குதித்து ஏறி வருவதற்குள் படுக்கை விரிப்பு மாறியிருக்கும், ஏணியடியில் சூடான துவாய் காத்திருக்கும். சமையல்காரர் ஒலிவ் எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயை என் தட்டில் மூன்றுமுறை வைப்பார். நான் பத்துப் பதினைந்து பேருக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுத் தட்டு நீட்டுகிறவன். எனக்கு ஒருவர் தட்டு நீட்டியபோது முதல்நாள் கூசியது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. சொகுசுக்கு மனிதன் பழகுகிற வேகம் இருக்கிறதே, அது வெட்கக்கேடு.

ஐந்தாம் நாள்தான் பெரிய நீச்சல். ஒரு தீவிலிருந்து கரைவரை, கடலைக் குறுக்கே கடக்க வேண்டும். வழிகாட்டிப் பெண் சிறு துடுப்புப் படகில் கூட வருவாள். குளிர்காலம் முழுக்க இதற்காகத்தான் பயிற்சி எடுத்திருந்தேன். காலை பத்து மணியளவில் எல்லோரும் ஏணியடியில் நின்றோம். கைப்பேசியைப் பைக்குள் வைக்க எடுத்தேன். மூன்று தவறிய அழைப்புகள். திரையில் அக்காவின் செய்தி.

"அத்தான் போட்டார். கெதியா வா."

நான் அந்தச் செய்தியைத் திறக்கவில்லை. திறந்தால் வாசித்துவிட்டேன் என்று நீலக் குறி காட்டிக்கொடுத்துவிடும். அத்தான் இறந்த செய்தியைக் கேட்டு என் மூளை முதலில் செய்த வேலை இதுதான். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

என்னோடு அறையைப் பகிர்ந்தவர் ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி, நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதும் கெட்ட செய்தியா என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். இல்லை என்றேன். கைப்பேசியைத் துவாய்க்குக் கீழே வைத்தேன். போனவர் போய்விட்டார், ஒரு மணித்தியாலத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன்: செத்த செய்தி கேட்டால் தலைமுழுகத்தானே வேண்டும்? அக்காவின் கணவர் செத்தால் எனக்குத் துடக்கு, அதுதான் சாவுத் தீட்டு, உண்டா இல்லையா என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சாத்திரம் எனக்கு வசதியாக இருந்தது. நீச்சல் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு குதித்தேன்.

முதல் பத்து நிமிடம் அழுதேன். கண்ணாடிக்குள் நீர் நிறைந்து பார்வை மங்கியது. பிறகு கை தன்பாட்டில் வீசத் தொடங்கியது. மூச்சு ஒழுங்காக வந்தது. கீழே நீலம் கறுத்துக்கொண்டு போனது. நான் பயப்படவில்லை. சொல்லவே வேண்டும்: நான் சந்தோஷமாக இருந்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் உடம்பால் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கரையில் காலூன்றியபோது எல்லோரும் கைதட்டினார்கள். ட்ராம் சாரதி என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் அடித்தார்.

அதோடாவது கைப்பேசியை எடுத்திருக்கலாம். சாப்பாட்டு மேசை போட்டிருந்தார்கள், சாப்பிட்டேன். ஒரு கிண்ணம் வைன் ஊற்றினார்கள், குடித்தேன். ஒவ்வொரு மணித்தியாலமும் அடுத்ததைக் கடினமாக்கியது. பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. நான் இருக்கிற இடத்திலிருந்து எப்படி வருவது, அதற்கு என்ன பொய் சொல்வது என்று யோசித்தபடி மேல்தளத்தில் கிடந்தேன். அப்படியே நித்திரையாகிப் போனேன்.

மாலை ஏழு மணிக்கு அக்காவுக்கு அழைத்தேன். நாள் முழுக்க வகுப்பு, கைப்பேசி நிறுத்தியிருந்தது, இப்போதுதான் பார்த்தேன் என்றேன். அக்கா அழவில்லை.

"இப்ப வாறியோ?"

"கடைசிப் பிளேன் போட்டுது அக்கா. நாளைக்கு வாறன்."

பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்குப் பறக்கிற விமானம் ஒன்பது மணிக்கும் உண்டு, பத்து மணிக்கும் உண்டு. அத்தானின் அறைக்கு வெளியே உலகம் தெரியாத அக்காவுக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி," என்றார். "வாறநேரம் வா."

ட்ராம் சாரதியிடம் மைத்துனர் இறந்துவிட்டார், இப்போதுதான் தெரியவந்தது என்று சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார். அடடா, காலையிலேயே தெரிந்திருந்தால் துறைமுகம் பக்கத்தில்தானே இருந்தது, மத்தியானமே விமானம் ஏறியிருப்பாயே என்றார். அவர் அதை ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் ரொம்சோஸ் வீட்டு மணியை அடித்தேன். விமான நிலையத்தில் நினைவாக ஒரு குடை வாங்கிக் கையில் வைத்திருந்தேன். அவ்வளவு கவனமாகப் பொய் சொல்கிறவன், விமான நிலையக் கழிப்பறையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் வந்திருக்கிறேன். ஐந்து நாள் கடல் வெயிலில் முகம் கருவாடாகக் கறுத்திருந்தது. நீச்சல் கண்ணாடி கிடந்த இடம் மட்டும் இரண்டு கண்ணையும் சுற்றி வெளுத்து வட்டமாக நின்றது.

அக்கா கதவைத் திறந்தார். பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேர்கனிலை நல்ல வெயில் போலை."

"ஓம் அக்கா. இந்தக் கிழமை மழையே இல்லை."

அவர் தலையாட்டிவிட்டு எனக்குத் தேநீர் போடப் போனார்.

சவச்சாலையில் அத்தானைக் காட்டினார்கள். வேட்டி உடுத்தி, விபூதி பூசி, சுத்தமாகக் கிடந்தார். மீசை இருந்தது. ஆனால் இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. நாடியில் ஒரு சிறு வெட்டு. இறந்தவரின் வெட்டில் இரத்தம் வராது. வெறும் கோடாகத்தான் தெரியும். எனக்குத் தொழில் தெரியும், நான் உடனே கண்டுகொண்டேன்.

"நான்தான் செய்தனான்," என்றார் அக்கா. "நீ வருவாய் எண்டு பின்னேரம் வரைக்கும் வைச்சிருக்கச் சொன்னனான். பாவம், இல்லத்து ஆக்களும் பொறுத்துப் பாத்தவை. பிறகு பிரேதம் எடுக்கிற ஆக்கள் வந்திட்டினம். வேறை ஆரையும் விட மனம் வரேல்லை. கை நடுங்கிப் போச்சு."

அந்தச் செய்தியிலிருந்து என் அழைப்புவரை ஒன்பது மணித்தியாலம். திறந்த சன்னலுக்குப் பக்கத்தில், எரிந்து தீர்ந்த மெழுகுதிரிக்குப் பக்கத்தில், சவரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி அக்கா இருந்திருக்கிறார். அந்த நேரத்தில் நான் கத்தரிக்காய் தின்றேன். உண்மை எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. "வடிவாத்தான் செய்திருக்கிறியள்" என்று மட்டும் சொன்னேன். கிரியைகள் எல்லாவற்றையும் நானே செய்தேன். மகன்போல நின்று செய்தான் என்று வந்தவர்கள் புகழ்ந்தார்கள்.

சாம்பலைக் கடலில் கரைக்க அனுமதிக் கடிதம் வர இலையுதிர் காலமாகிவிட்டது. ஒரு நோர்வேஜியக் கிழவரின் சிறு படகை வாடகைக்கு எடுத்து, ஒஸ்லோ குடாவில், கப்பல்கள் ஓடாத ஓர் இடத்துக்குப் போனோம். அக்கா சேலைக்கு மேல் செம்மஞ்சள் மிதவை அங்கி போட்டிருந்தார். சாம்பலை நான்தான் விட்டேன். பூவை அக்கா விட்டார். குனிந்து விடும்போது படகு ஒருபக்கம் சாய்ந்தது. அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அத்தான் பிடித்த அதே இடம்.

"உனக்கு நல்லா நீந்தத் தெரியும் என்ன?"

நான் நீச்சல் பழகியதை அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று அப்போது விளங்கியது. அவர் என் கண்ணைச் சுற்றித்தான் பார்த்தார். அங்கே வெள்ளை வட்டம் மறைந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

"நான் விழுந்தா நீ கெதியா வருவாய்தானே?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"ஓம் அக்கா," என்றேன். அத்தானுக்கும் இதே ஓம்தான் சொல்லியிருந்தேன். கரை வந்து சேரும்வரை அக்கா என் கையை விடவில்லை.