நீலத் தொட்டிக்கு எதிரில் ஒரு தக்காளிக் கடை

பிறர் நாட்டு வரியைத் திருத்தி அமைப்பது என் தொழில். என் சொந்த வீட்டு வரியைக் குறைத்துக்கொள்வது, டெக்சாஸில் குடியேறிய பிறகு கற்றுக்கொண்ட பொழுதுபோக்கு. கண்ணால் காணாத ஊருக்கு மென்பொருள் எழுதி, காலைக் காபி ஆறும்வரை காணொளியில் "கேக்குதா? கேக்குதா?" என்று கூவிப் பழகிய அன்பர்களுக்கு என் துயரம் விளங்கும், மற்றவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கடன் சுமையால் தவிக்கும் நாடு ஒன்று. சந்தையில் கடை போடும் சிறு வணிகர்களையும் வரிப் பதிவேட்டில் சேர்த்தால்தான் அடுத்த தவணை என்று கடன் கொடுத்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிவேட்டை உருவாக்கும் ஒப்பந்தம், டெக்சாஸின் ரவுண்ட் ராக் நகரில் இருக்கும் எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. மாத முடிவுக்குள் பதிவு செய்யாதவரின் கடைக்குப் பூட்டு என்பது அந்நாட்டு அரசின் ஆணை. அங்கே வரி அலுவலராக இருந்த எஃபுவா அம்மையார், முதல் பதிவுக்காக மான்சா என்ற தக்காளி வியாபாரியை அழைத்துவந்து கேமரா முன் உட்காரவைத்தார். மூன்று பிள்ளைகளின் சோறும் படிப்பும் மான்சாவின் அந்த ஒரு கடையை நம்பியிருந்தன.

விலாசம்

பெயர், தொழில், கைபேசி எண் எல்லாம் ஏறின. விலாசத்தில் வண்டி நின்றது. "மசூதிக்குப் பின்னால், நீலத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில்" என்றார் மான்சா. மென்பொருளோ, அமெரிக்க வழக்கப்படி ஐந்து இலக்க அஞ்சல் எண் இல்லாமல் அடுத்த பக்கம் போக மறுத்தது. அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியவர் எங்கள் குழுவின் செந்தில், ஈரோட்டுக்காரர். "ஜிப் கோடு இல்லாம எப்படிங்ணா வேலிடேட் பண்றது?" என்று என்னிடம் முணுமுணுத்தார். அவருடைய அப்பாவுக்கு வரும் கூரியர், 'மாரியம்மன் கோயில் எதிர் சந்து, ரேஷன் கடை பக்கம்' என்று எழுதினால் இன்றும் பிழையில்லாமல் போய்ச் சேர்கிறது. அவர் எழுதியதைச் சரிபார்த்து ஒப்புதல் அளித்தவன் நான். நான் பிறந்த வீட்டுக்கும் கதவிலக்கம் கிடையாது. பத்தாண்டுகள் ஃப்ரீவேயில் ஓடினால், சந்துக்குள் பிறந்தவனுக்கே சந்து மறந்துவிடுகிறது, அன்பர்களே!

எஃபுவா எங்கள் சிக்கலை மொழிபெயர்த்துச் சொன்னார். மான்சா எங்களை இரக்கத்தோடு பார்த்தார்.

"இருபது வருஷமாகச் சந்தைச் சுங்கம் வாங்க வருகிறவன் ஒருநாளும் வழி தவறியதில்லை, மகனே, உன் கணினிக்கு மட்டும் என்ன கேடு?"

விரிசல்

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்று ஊரிலிருந்து வருவோரிடமெல்லாம் பெருமை பேசுவோம். அதற்கும் சேர்த்து வீட்டு வரி உண்டு என்பதை மட்டும் சொல்லமாட்டோம். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் வீட்டின் மதிப்பீடு தபாலில் வரும். மதிப்பு குறைந்தால் வரியும் குறையும் என்பதால், குடியிருப்பே ஒன்றுகூடி அதை எதிர்த்து மனுப் போடும். விருந்தாளிக்குச் சுற்றிக்காட்டும்போது மாளிகையாக இருந்த வீடு, அந்த ஒரு மாதம் மட்டும் பாழடைந்துவிடும்.

அந்த மாதத்தில்தான், அந்நாட்டு அலுவலர்களுக்கு 'வரி செலுத்தும் பண்பாடு' என்ற தலைப்பில் நாங்கள் வகுப்பெடுத்தோம். செந்தில் திரையைப் பகிர்ந்தார். வந்தது வகுப்புக்கான படங்கள் அல்ல, அவருடைய மனுவுக்கான படங்கள்: கராஜ் தரையில் விரிசல், கூரையில் கறை, சாய்ந்த வேலி. "ஐயோ, ராங் ஃபைல்ங்ணா!" என்று பதறினார். எஃபுவாவின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

"உங்கள் நண்பரின் வீடு இடியும் நிலையில் இருக்கிறதே, ஐயா, எங்கள் அலுவலகத்தில் ஏதாவது வசூல் செய்து அனுப்பட்டுமா?"

வட்டி

மாத முடிவுக்குப் பத்து நாள் இருந்தது. வரி கட்டினால் தனக்கு என்ன கிடைக்கும் என்று மான்சா கேட்டார். பதிவு செய்யவே முடியாதவர் வரியின் பயனைக் கேட்டதை எண்ணி நான் நெகிழ்ந்தேன். பண்ணையிலிருந்து சந்தைக்கு வரும் செம்மண் சாலையில் மழை பெய்தால் லாரி புதைந்துவிடுகிறதாம். தக்காளி பாதி வழியிலேயே அழுகி, அந்த இடத்தை வெளிநாட்டு டப்பாத் தக்காளி விழுது பிடித்துக்கொள்கிறதாம். சாலை எப்போது வரும்?

நான் நேர்மையாகவே பதில் சொன்னேன். இந்த ஆண்டு வரி பழைய கடனின் வட்டிக்கு. அடுத்த ஆண்டு வரி, வட்டி கட்ட வாங்கிய புதிய கடனின் வட்டிக்கு. அதன் பிறகு சாலை பற்றி ஓர் ஆய்வு.

"அப்படியானால் அதுவரை அழுகாமல் இருக்கும்படி தக்காளிக்கும் ஒரு வகுப்பெடுங்கள்."

மினிட்ஸ்

ஒரு கட்டத்தின் கட்டாயத்தை நீக்க எங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்; நீக்கலாம் என்ற அனுமதிக்கு நியூஜெர்சியில் இருக்கும் மேலாளர் ராகவன் வேண்டும். "சார், அது கான்ட்ராக்ட் ஸ்கோப்லயே இல்ல. சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடுங்க, அடுத்த மாசம் கமிட்டி பாக்கும்" என்றார். அடுத்த மாதம் மான்சாவின் கடையில் பூட்டுத் தொங்கும் என்றேன். அவர் அசையவில்லை. ஆகவே ஒரு கதை சொன்னேன்.

ஒருவன் ஆற்றுக்குப் பாலம் கட்டினான். செருப்பு அணிந்தவரே ஏறலாம் என்று பலகை மாட்டினான். வெறுங்காலோடு வந்த ஊரார் வழக்கம்போல நீந்திப் போனார்கள். கட்டியவனோ, 'இந்த ஊராருக்கு நடக்கத் தெரியவில்லை' என்று அறிக்கை எழுதினான். அந்த அறிக்கையில் கையெழுத்திடுவோராக நாம் ஆகலாமா, மனச்சாட்சி என்ற ஒன்று நமக்கு இல்லையா என்று கால் மணி நேரம் முழங்கினேன். ராகவன் குறுக்கிடாமல் கேட்டார்.

"ரொம்ப நல்ல பாயிண்ட் சார், மீட்டிங் மினிட்ஸ்ல போட்டுடலாம்."

புதிய குடிமக்கள்

கடைசி நாள் காலையில் பதிவேட்டைத் திறந்தேன். மான்சா பதிவாகியிருந்தார்! அவர் மட்டுமல்ல, சந்தை முழுவதும் பதிவாகியிருந்தது. கமிட்டிக்காகக் காத்திராத எஃபுவா, எங்கள் மின்னஞ்சலின் அடியில் அச்சாகியிருந்த ரவுண்ட் ராக் அஞ்சல் எண்ணையே எல்லாருக்கும் போட்டுவிட்டிருந்தார். ஒரு கடைக்கும் பூட்டு விழவில்லை. ராகவன் பூரித்துப்போனார், கடன் கொடுத்தவர்கள் பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள்.

பதிவான வணிகர்களின் எண்ணிக்கையைப் பார்த்து ஊருக்கு ஊர் வளர்ச்சி நிதி பிரிப்பது அந்நாட்டு வழக்கம். பட்டியல் வந்தபோது மான்சாவின் ஊருக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. அஞ்சல் எண்ணின்படி அத்தனை பேரும் ரவுண்ட் ராக்வாசிகள், அந்த ஊரில் வணிகரே இல்லையாம். திருத்தக் கோரி நான் அனுப்பிய மனு கமிட்டியில் இருக்கிறது. நடந்ததை எஃபுவா விளக்கியதும், மான்சா கேமராவுக்கு அருகில் வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"வரியை இங்கே கட்டிவிட்டேன், மகனே, சந்தைக்குக் கழிப்பறை கட்ட உங்கள் ஊர் நகராட்சி எப்போது வருகிறது?"

ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நிமிர்த்தப் புறப்பட்ட நாங்கள் அதற்குச் செய்த ஒரே உருப்படியான உதவி, மின்னஞ்சலின் அடியில் எங்கள் விலாசத்தைப் போட்டதுதான்.