வெள்ளைக் கல் வைத்த குன்று

முந்நூறு அடியைத் தாண்டிவிட்டால் ட்ரோனின் இரைச்சல் தரைக்குக் கேட்காது. அந்த அமைதிக்காகவே சமரீன் இந்த வேலைக்கு வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. காரிமங்கலம் சந்தையில், அப்பா அன்வர் பாஷாவின் வளையல் கடைப் பலகைக்கு அடியில் உட்கார்ந்து, போகிற வருகிற கால்களை மட்டுமே பார்த்து வளர்ந்தவள். இந்தக் கூட்டம் மேலிருந்து எப்படி இருக்கும் என்ற ஏக்கம் அவளோடு சேர்ந்து வளர்ந்தது. இப்போது இருபத்தெட்டு வயதில், ரிமோட்டும் திரையுமாக நிற்கும்போது, உடம்பைத் தரையில் கழற்றி வைத்துவிட்டு மிதப்பதுபோல் இருக்கும். குன்றுகள் படுத்து அசைபோடும் மாடுகளாகிவிடும். வற்றிய ஏரி யாரோ மடித்து வைக்க மறந்த துணிபோலக் கிடக்கும்.

பங்குனி மாதம் அவள் பறக்கவிட்டது ஊருக்கு மேற்கே ஒரு குன்றின் மேல். கல்லுடைத்து மொட்டையாக்கிவிட்டுப் போன அந்தக் குன்றில், காட்டைத் திரும்பக் கொண்டுவர ஒரு நிறுவனம் இரண்டு வருஷத்துக்கு முன் கன்று நட்டிருந்தது. எத்தனை பிழைத்தன என்று படமெடுத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. படங்களைக் கம்ப்யூட்டர் வாங்கி நிறம் பிரித்தது. பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் சாவு. கீழ்ச்சரிவு பச்சையாக மின்னியது. கூலிக்கு வந்த எழிலரசியும் பத்துப் பெண்களும் இடுப்பில் குடம் சுமந்து ஏறி வளர்த்த மேல்சரிவு முழுக்கப் பழுப்பு.

மேஸ்திரி கோவிந்தனுக்கு அந்தப் படம் போதுமானதாக இருந்தது.

"நான் அப்பவே சொன்னேங்க மேடம். வூட்ல ஒதுங்கி இருக்க வேண்டிய மூணு நாள்லயும் இந்தப் பொம்பளைங்க மல ஏறுனாங்க. தீட்டு பட்டா செடி நிக்குங்களா? இப்ப உங்க மிஷினே சொல்லிருச்சு பாருங்க."

வெள்ளிக்கிழமை சமரீன் கையெழுத்துப் போட்டால், சனிக்கிழமை ஜேசிபி வந்து மேல்சரிவை வழித்துவிடும். பதினோரு பெண்களும் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான். அவள் இயந்திரம் தீட்டுக்குச் சாட்சி சொல்வதா? குடம் தூக்கும்போது தீட்டில்லாத உடம்பு, கன்று பட்டுப்போனால் மட்டும் குற்றவாளி ஆகிவிடுமா?

புதன்கிழமை காலை ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு நடந்து ஏறினாள். இந்த வேலைக்கு வந்த பிறகு ஒரு குன்றில் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

மேல்சரிவில் பெண்களோடு நின்ற எழிலரசி அவளை ஒரு கன்றிடம் கூட்டிப்போனாள். குச்சிபோல் நின்ற வேங்கைக் கன்றின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் கீறினாள். உள்ளே ஈரமாக, வெள்ளரிப் பிஞ்சுபோல் பச்சை.

"எலயக் காணோமே அக்கா!"

"பங்குனியில வேங்கையும் வெப்பாலையும் எலயக் கொட்டாம வேற என்ன பண்ணும்? நீ இந்த வெயில்ல சொட்டர் போட்டுக்கிட்டா திரியற?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். சமரீனுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும்.

"அப்ப கீழ அவ்வளவு பச்சையா இருக்கே?"

"அது சீமக்கருவேலம். மேஸ்திரி ஆளுங்க வெட்டாம வுட்டது. நட்ட கன்னு பூராவும் அதுக்குள்ள மூச்சு முட்டிக் கெடக்குது."

மழை வந்து துளிர்க்கும்வரை காத்திருக்க நாளில்லை. சந்தைத் தரையில் பார்த்த வளையல் துண்டுகள் சமரீனுக்கு நினைவு வந்தன. வெயில் பட்டால் எவ்வளவு சின்னத் துண்டும் தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

வியாழக்கிழமை பதினோரு பெண்களும் சுண்ணாம்பு கரைத்த பக்கெட்டுகளோடு மேல்சரிவில் பரவினார்கள். ஒவ்வொரு கன்றையும் கீறிப் பார்ப்பது. பச்சை தெரிந்தால் ஒரு கல்லைச் சுண்ணாம்பில் முக்கி அதன் காலடியில் வைப்பது. காய்ந்திருந்தால் விட்டுவிட்டு நகர்வது. பொய்க் கல் ஒன்றுகூட வைக்கக் கூடாது என்று எழிலரசி கறாராகச் சொல்லியிருந்தாள்.

"கல்லு வெச்சா செத்தது பொழச்சிருமா?" என்றான் கோவிந்தன்.

"பொழச்சதுக்குத்தான் கல்லு. உங்களுக்கும் நகம் இருக்குதுங்களே மேஸ்திரி, கீறிப் பாருங்க," என்றாள் எழிலரசி.

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மூன்று மணிக்கு ட்ரோன் எழுந்தது. இரைச்சல் தேய்ந்து, அந்த அமைதி வந்தது. திரையில் பழுப்புக் குன்று மெல்ல விலகி விலகி ஆழமானது. அதன்மேல் ஒன்று, பத்து, நூறு என்று வெள்ளைப் புள்ளிகள். பட்டப்பகலில் வானம் கீழே இறங்கிக் குன்றின்மேல் படுத்துக்கொண்டதுபோல் இருந்தது. நடுநடுவே பதினோரு சேலைகள் வண்ணப் பொட்டுகளாக நகர்ந்தன. சந்தைக் கூட்டத்தை மேலிருந்து பார்க்க ஏங்கிய குழந்தைக்கு இத்தனை வருஷம் கழித்துக் காட்டியதுபோல், சமரீன் இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பேட்டரி தீரப்போவதாக ரிமோட் கத்திய பிறகுதான் இறக்கினாள்.

மேல்சரிவில் நட்டது தொள்ளாயிரத்து நாற்பது. வெள்ளைக் கல் எண்ணூற்றுப் பன்னிரண்டு.

எழிலரசி பக்கத்தில் வந்து, கோவிந்தன் காதிலும் விழும்படிச் சொன்னாள். "இன்னிக்கி எனக்கு ரெண்டாம் நாளு. நூறு கல்லு நான் வெச்சது. நல்லாப் படம் எடுத்துக்க."

வெள்ளிக்கிழமை சமரீன் இரண்டு படங்களையும் அறிக்கையில் சேர்த்தாள். கீழ்ச்சரிவின் பச்சைக்கு நேரே 'சீமைக்கருவேலம், அகற்றவும்' என்று எழுதினாள். மேல்சரிவின் பழுப்புக்குக் காரணம் கேட்ட கட்டத்தில், 'பங்குனி. வேறு காரணம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை ஜேசிபி வரத்தான் செய்தது. நேராகக் கீழ்ச்சரிவுக்குப் போனது.