ஆளுக்கொரு காது

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அவமானம், நானே சொன்னால் அடக்கமான ஆள் என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒரு புதுப்பாட்டில் சத்தம் ஜாஸ்தி என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைக் குரல் பதிவாக எங்கள் ரசிகர் குழுவில் போட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்களாம். மணலூர்பேட்டையில் ஒருத்தர் வீட்டில் தொட்டிலில் கிடந்த குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுததாம். நான் அதில் கத்தியதன் சாரம் இதுதான்: இந்தக் காலத்தில் யாருக்கும் எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு மெதுவாகப் பேச வராது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். எதிரே ஹார்ன், பக்கத்தில் ஜூஸ் கடை மிக்சி. "டெம்பர் கிளாஸ் ஒட்டணுமா, கவர் வேணுமா" என்பதைக்கூட சண்டைக்குக் கூப்பிடுவது போலத்தான் கேட்பேன். பழகியவர்கள் பயப்படுவதில்லை.

பாட்டு யாருடையது என்று கேட்பீர்கள். சென்னையில் நாலு பேர் சேர்ந்து நடத்துகிற ராக் பேண்ட். தமிழில்தான் பாடுகிறார்கள். ஆனாலும் அதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ள எங்கள் தெருவில் ஆள் கிடையாது. மாவட்டம் முழுக்கத் தேடிப் பிடித்த ரசிகர்கள் ஒரு போன் குழுவில் அடக்கம். அதைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் என் நண்பன், வெள்ளிமலைக்காரன். மலையில் விளைகிற மரவள்ளிக்கிழங்கைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுவருவான். திரும்பும்போது சிமெண்ட், கோழித் தீவனம், யாராவது கேட்டால் பீரோ.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரி பஸ்ஸில் இருவருக்கும் சேர்த்து ஒரே இயர்போன். எல் என்று போட்ட இடது பக்கம் என் காதுக்கு, ஆர் என்று போட்ட வலது பக்கம் அவன் காதுக்கு. முதல் நாள் கைக்கு அப்படி வந்தது, பிறகு மாற்றவே இல்லை. அந்த பேண்டின் எந்தப் பாட்டு வந்தாலும் முதல் தடவை தனியாகக் கேட்கக் கூடாது. இருவருக்கும் கல்யாணம் ஆனது, அவனுக்குப் பிள்ளையும் பிறந்தது, வழக்கம் மட்டும் மாறவில்லை. புதுப்பாட்டு வந்தால் அவன் லோடு இறக்கிவிட்டுக் கடைக்கு வருவான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆளுக்கொரு காதாக உட்கார்ந்துவிடுவோம். வாடிக்கையாளர் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ரொம்ப நாள் சும்மா இருந்த பேண்ட் திடீரென்று ஒரு புதுப்பாட்டு வருகிறது என்று அறிவித்தது. பாட்டு வெளியான அன்று காலை அவன் போன் பண்ணினான்.

"மச்சான், லோடு ஏத்திக்கினு இருக்கேன். இங்க டவரு வந்து வந்து போவுது. ஞாயித்துக்கெழம வந்துட்றேன். அதுக்குள்ள நீ தொட்டுடாத."

"உன் மேல சத்தியமா தொட மாட்டேன்டா."

சத்தியத்தை அவன் மேல் செய்ததுதான் தப்பு. என் மேல் செய்திருந்தால் கொஞ்சமாவது பயம் இருந்திருக்கும்.

அன்று சாயந்திரம் கடைக்குப் புது சரக்கு வந்தது. அதில் ஒரு பெரிய ஹெட்போன், இரண்டு காதையும் மூடுகிற வகை. மாட்டிப் பார்த்தேன். சரக்கைச் சோதிக்காமல் விற்கக் கூடாதில்லையா? மாட்டினால் ஏதாவது ஓட வேண்டும். போனில் எதைத் தொட்டேன் என்று எனக்கே தெரியாது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நன்றாகத் தெரிந்துதான் தொட்டேன்.

பாட்டு மண்டையில் இடித்தது. பழைய பாட்டுகளில் முதலில் ஒரு கிட்டார் தயங்கித் தயங்கி வரும், அப்புறம் குரல், கடைசியில்தான் டிரம்ஸ் எழும்பும். இதில் எல்லாரும் முதல் நொடியிலேயே வாசலை உடைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மூச்சு விட இடமில்லை. பாட்டைப் பதிவு செய்து முடித்த பிறகு கடைசியாக ஒரு வேலை செய்வார்கள், மாஸ்டரிங் என்று பெயர். மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தைத் தட்டி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, மொத்தத்தையும் தூக்கி வைப்பார்கள். போன் ஸ்பீக்கரில் அடுத்தவன் பாட்டுக்குப் பக்கத்தில் நம் பாட்டு ஈனசுரத்தில் கேட்கக் கூடாது என்கிற போட்டி. கரும்பு டிராக்டரில் மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் வெட்டிவிட்டு, இடுக்கு முழுக்க இன்னும் கொஞ்சம் திணித்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பாட்டு.

போதாக்குறைக்கு, பாட்டின் சத்தத்தைப் படமாக வரைந்து காட்டுகிற ஒரு செயலி என்னிடம் இருந்தது. பழைய பாட்டின் படம் கல்வராயன் மலை மாதிரி ஏறி இறங்கியது. புதுப்பாட்டின் படம் சூளையிலிருந்து எடுத்த செங்கல். பழைய பாட்டை அந்த ஹெட்போனில் ஒரு தடவை போட்டுக் கேட்டிருக்கலாம். எனக்குப் படமே போதுமானதாக இருந்தது. உடனே குரல் பதிவு. செங்கல் என்றேன், துரோகம் என்றேன், "வலது பக்கம் ஒரு கிட்டார் தேவையில்லாம கொடைஞ்சிக்கினே இருக்குது, அத யார் கேட்டா?" என்றேன். கையோடு செங்கல் படத்தையும் போட்டேன்.

குழு பற்றிக்கொண்டது. எலவனாசூர்கோட்டை ரசிகர் ஒருவர் கிராம விழாக்களுக்கு ஸ்பீக்கர் செட்டு போடுபவர். "அண்ணே, என் பாக்ஸ்ல போட்டேன், எதுர் வூட்டு ஓடு ஆடுது. இதுக்கு மேல இன்னா வோணும்?" என்று எழுதினார். தொட்டில் குழந்தையின் தகப்பனான மணலூர்பேட்டைக்காரர், "பாட்டுக்கு கொழந்த தூங்குது, உங்க வாய்ஸுக்குதான் முழிச்சிக்குது" என்றார். சத்தம் ஜாஸ்தி என்று நாலைந்து பேர் என் பக்கமும் நின்றார்கள். ஆளாளுக்குச் செங்கலை எடுத்து வீசிக்கொண்டிருந்தோம், குஷியாகத்தான் இருந்தது.

அப்போது மலையில் டவர் வந்துவிட்டது போலிருக்கிறது. என் நண்பன் எழுதினான்: "பாட்டு வேற லெவல். காது கேக்காதவன்லாம் பேச வந்துட்டான்." அடுத்த வரியாக, அவன் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான் என்று போன் அறிவித்தது. அவனும் சேர்ந்து தொடங்கிய குழு.

முதலில் சிரித்தேன். பிறகு போன் செய்தேன். எடுக்கவில்லை. செய்தி போட்டேன். பார்த்ததற்கு அடையாளமான நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. ஒரு சிரிப்புப் படம் அனுப்பினேன். நீலக் கோடு. அவன் பிள்ளைக்கு உடம்பு எப்படி என்று கேட்டேன், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். அதற்கும் நீலக் கோடு. ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக் காத்திருந்தேன். குனிந்து பார்த்த முகங்களில் அவன் முகம் இல்லை.

அதற்குப் பிறகு கடையில் உட்கார முடியவில்லை. எழுந்து சந்து முனை வரை போவேன், மரவள்ளி ஏற்றிய வண்டி எது தெரிந்தாலும் எட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன். ஒருத்தர் போனுக்கு இன்னொருத்தர் கவரை மாட்டிக் கொடுத்தேன். சாப்பிடும்போதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததில், "பாடனவங்களே இந்நேரம் தின்னுட்டுத் தூங்கியிருப்பாங்க" என்றாள் மனைவி. நான் பாட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. பாட்டு நாசமாய்ப் போகட்டும். அடுத்த பாட்டு வந்தால் யாரோடு கேட்பது என்பதுதான் உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அவன் இல்லாமல் எனக்கு அந்த பேண்டைப் பிடிக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ஒரு காலையில் கடையைத் திறக்காமல் வெள்ளிமலை பஸ் ஏறினேன். பையில் ஹெட்போன், போனில் புதுப்பாட்டும் பழைய பாட்டும் இறக்கி வைத்திருந்தேன், கூடவே அந்த இரண்டு படங்களும். சமாதானம் பேசப் போகிறவன் ஆதாரத்தோடு போகக் கூடாது என்கிற அறிவு எனக்குக் கச்சிராயபாளையம் தாண்டிய பிறகும் வரவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு மன்னிப்பு தயார் செய்தேன், அடுத்த வளைவில் அதை அழித்துவிட்டு ஒரு வாதம் தயார் செய்தேன். உட்கார முடியாமல் எழுந்து நின்றேன். நிற்க முடியாமல் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "வாந்தி வருதுன்னா ஜன்னலாண்ட வந்துடு சாமி" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

வெள்ளிமலையில் டீக்கடை முன்னால் அவன் வண்டி நின்றது. கிழங்கு மூட்டை தார்ப்பாயை முட்டிக்கொண்டிருந்தது. கயிறு இறுக்கிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான். ஆச்சரியப்படவில்லை, அதுவே எனக்கு உறைத்தது.

"இன்னா இங்க?"

"சும்மாதான், மல சுத்திப் பாக்க."

"பாத்துட்டியா? ஏறு."

இறங்கும் பாதையில் வண்டி முனகிக்கொண்டே போனது. அவன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். நான் சும்மா இருப்பேனா? படத்தை எடுத்து ஸ்டியரிங் பக்கம் நீட்டினேன்.

"மச்சான், நீயே பாரு. இது நம்ம பழைய பாட்டு, ஏறி எறங்குது பாத்தியா? இது புதுசு. செங்கல்டா."

"நான் ரோட்ட பாக்கறதா, உன் செங்கல்ல பாக்கறதா?"

போனைப் பைக்குள் வைத்தேன். லோடு வண்டிக்காரர்கள் பிரேக் சூடு ஆற நிறுத்துகிற ஒரு வளைவு வந்தது. ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்தான். ரப்பர் தீய்ந்த வாடை. கீழே சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அவன் மதகுச் சுவரில் உட்கார்ந்தான். நான் உட்காராமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

"சரி வுடுடா. உனுக்குப் புடிச்சிருக்குது, எனுக்குப் புடிக்கல. இதுக்கா குரூப்ப வுட்டுப் போவ? பாட்டுல எந்த எடம் வேற லெவல்னு சொல்லு, நான் ஒத்துக்குறேன்."

"எனுக்கு இன்னா தெரியும்?"

"இன்னா தெரியுமா? நீதான வேற லெவல்னு போட்ட?"

"போட்டேன். கேக்கல."

நான் நின்றுவிட்டேன். "கேக்காமயே போட்டியா?"

"ஆமா. இன்னி வரிக்கும் கேக்கல." அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். "ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லிட்டு இங்க லோடு ஏத்திக்கினு இருக்கேன். டவரு வந்து போன தொறந்தா, நீ தனியா கேட்டு முடிச்சி, ஊரக் கூட்டி வெச்சி கத்திக்கினு இருக்க. எனுக்கு வந்த ஆத்திரத்துல நீ இன்னா சொன்னியோ அதுக்கு நேரெதிரா போட்டேன். நீ நல்லாருக்குன்னு சொல்லியிருந்தா கேவலம்னு போட்டிருப்பேன்."

மாஸ்டரிங் பற்றி மலையேறி வாதாட வந்தவனுக்கு இதற்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று தெரியவில்லை. "ஹெட்போன் சரக்கு வந்துச்சிடா, சோதிக்கணுமில்ல" என்று முனகினேன். என் வாழ்க்கையில் நான் மெதுவாகப் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

"அது இன்னா," என்றான், "வலது பக்கம் ஒரு கிட்டாரு தேவையில்லாம கொடையுதுன்னு?"

"கொடையுதுடா. இவங்க பாட்டுல அது இருந்ததே இல்ல."

"மொத பாட்டுலருந்து இருக்குது. எனுக்கு அதுதான் கேக்கும். பாடறவன் குரலு உள்ளடங்கிதான் வரும்."

நம்பாமல் ஹெட்போனை மாட்டி, எங்கள் பழைய பாட்டைப் போட்டேன். இடது காதை விலக்கிவிட்டு வலதை மட்டும் வைத்தேன். இருந்தது. நான் மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்திருந்த பாட்டுக்குள் இன்னொரு ஆள் ஆரம்பத்திலிருந்தே அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தான். கடை ஸ்பீக்கரில் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும், பிரித்துக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. இத்தனை வருஷமும் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு முழு பேண்டுக்கும் ரசிகன் என்று திரிந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. அடக்கினேன், சிரித்தால் அவன் வண்டியைக் கிளப்பிவிடுவான் என்று பயம்.

"புதுச போடு" என்றான்.

"தனியா கேளு, நான் ஓரமா நிக்கிறேன்" என்று ஹெட்போனை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. அது ஒரு தலைக்குச் செய்த சாமான், இயர்போன் மாதிரி பிரியாது. கடைசியில் மதகுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அகல விரித்து, ஆளுக்கொரு பக்கக் குமிழைக் காதில் அழுத்திப் பிடித்தோம். பரிகாரமாக அவனுக்கு எல் பக்கத்தைக் கொடுத்தேன். அவன் எழுத்தைப் பார்த்தான், திருப்பினான், ஆர் பக்கத்தை எடுத்துக்கொண்டான். இரண்டு தலையும் ஒட்டினால்தான் எட்டியது. அவன் தலையில் கிழங்கு மண்.

மேலே ஏறிவந்த பஸ் வளைவில் வேகம் குறைத்தது. படிக்கட்டில் நின்ற கண்டக்டர், "இன்னாபா ரெண்டு பேரும் கெடா மாதிரி முட்டிக்கினு இருக்கீங்க?" என்றார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் கண்ணை மூடியிருந்தான். எனக்கு மூட முடியவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒன்றாக இடிக்கிற இடத்தில் புருவம் சுருங்கியது. சத்தம் ஜாஸ்தி என்று சுருங்கியதா, பிடித்துப்போய்ச் சுருங்கியதா? நடுவில் ஒரு இடத்தில் உதடு அசைந்தது. என் காதுக்கு அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் டிரம்ஸ்தான். அவன் பக்கத்தில் என்ன நடக்கிறது? கேள்வி வாய் வரை வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். கால் மட்டும் தன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. முடிந்த பிறகும் அவன் குமிழைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

"சொல்லுடா. சவுண்டு ஜாஸ்திதான? தட்டையா இல்ல? மூச்சு முட்டல? புடிச்சிருக்கா, இல்லியா? உன் பக்கம் அந்தக் கிட்டாரு எப்டி இருக்குது? ஏதாவது சொல்லுடா!"

"வாய மூடிக்கினு இன்னொரு வாட்டி போடு."