இரண்டு பக்கமும் 'டக்' கேட்க வேண்டும்

"பெயிண்ட் புச்சா கீது மச்சான். இன்னும் இன்னா யோசிக்கிற, வாங்கிப் போடு."

போன வாரம் செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் போனில் சொன்னது இது. அவருடைய மச்சான் வீட்டு ஷெட்டில் மாட்டுவதற்குப் பழைய கார் லிஃப்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார் என்பது அடுத்த இரண்டு நிறுத்தங்களுக்குள் பஸ் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவர் தோளைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. என் சுபாவம் அப்படி.

சொல்ல நினைத்தது இதுதான்: பழைய லிஃப்ட் விற்கிற இடத்தில் புதிதாக இருப்பது பெயிண்ட் மட்டும்தான்.

இயற்பியல் பட்டம் வாங்கிய கையோடு இரண்டரை வருஷம் நான் அந்தப் பெயிண்ட் வாசனையில் உட்கார்ந்திருந்தேன். படாளத்துக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு தகர ஷெட்டு. மூடிவிட்ட சர்வீஸ் ஸ்டேஷன்களிலிருந்து லிஃப்ட்டுகளை வாங்கி வந்து, சரிபார்த்து, விற்பது எங்கள் தொழில். இரண்டு இரும்புத் தூண்கள், தூணுக்கு இரண்டு கைகள். நான்கு கைகளும் காரை அடியில் ஏந்தி, ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தும். ஓனர் குமரேசன் அண்ணன் பேசுவார். மெக்கானிக் தேவா அண்ணன் கழற்றி மாட்டுவார். நான் போனை எடுத்து, "சார், உங்க ஷெட்டோட உயரம் எவ்வளவு?" என்று கேட்பேன். முதல் மாதம் முழுக்க அந்த ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்துத்தான் கேட்டேன்.

இப்போது அந்த இடத்தில் சோபா விற்கிறார்கள். நான் சிறுசேரியில் ஓர் ஆபீஸில் இருக்கிறேன். ஏசியைத் தவிர எதுவும் சத்தம் போடாத ஆபீஸ். ஆகவே, பழைய சாமானின் பளபளப்பைப் பார்த்து ஒரு முறையாவது ஏமாந்த அன்பர்களே, வீட்டில் கார் பைத்தியம் ஒருவரை வைத்துக்கொண்டு அவஸ்தைப்படும் சகோதரிகளே, பஸ்ஸில் சொல்லாமல் விட்டதை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

ஒட்டடைக் குச்சி

வீட்டில் லிஃப்ட் வைக்க ஆசைப்படுபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் முதல் இடம் உயரம். லிஃப்ட் எவ்வளவு உயரம் என்று கேட்பார்கள், அது தங்கள் ஷெட்டுக்குள் நிற்கும் என்று சந்தோஷப்படுவார்கள். அதன் மேல் ஒரு கார் ஏறி நிற்கப்போகிறது என்பதை மறந்துவிடுவார்கள்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் மனைவியோடு வந்தார். கூரை உயரம் கேட்டேன். "ஒரு ஒட்டடைக் குச்சி, அதுக்கு மேல ஒரு ஜாண்" என்றார் கணக்கு வாத்தியார். குச்சி எவ்வளவு நீளம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தேவா அண்ணன்தான் கேட்டார். வாத்தியார் போன் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் குச்சியை அளக்கச் சொன்னார். அளவு வந்தது. தேவா அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். வாத்தியார் ஒரு தாளில் கூட்டினார், கழித்தார், காரின் உயரத்தை இரண்டு முறை திருத்திப் பார்த்தார். அதுவரை பேசாமல் இருந்த அவர் மனைவி என் பக்கம் குனிந்து கேட்டார்: "ஷெட்டுக்கு மேல மாடியிலதான் பூஜை ரூம் இருக்கு. கார் சாமியை இடிக்குமா இடிக்காதா, அதை மட்டும் சொல்லும்மா."

குறைந்துகொண்டே வரும் பாரம்

மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிற்பி வந்தார். தலைமுடியில் கல் தூசி, மற்றவர்கள் கொண்டுவருவதுபோல் கையில் காரின் படம் எதுவும் இல்லை. என்ன கார் என்று கேட்டேன். "காரு இன்னா காரு? புள்ளையாருமா" என்றார். தரையில் கிடத்தி வைத்துக் குனிந்தே செதுக்கி அவருக்கு இடுப்பு போய்விட்டது. கல்லைத் தூக்கி நிறுத்திவிட்டால் நின்றபடியே அடிப்பக்கம் உளி போடலாம் என்பது அவர் திட்டம்.

எங்கள் ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை, நல்ல யோசனைதான். எடை என்ன என்றார் தேவா அண்ணன். நாலரை டன் என்றார் அவர். "அண்ணாத்த, இது நாலு டன்னுக்கு மேல தாங்காது" என்று தேவா அண்ணன் கையை விரித்தார். சிற்பி லிஃப்ட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு நாலரை. ஒரு மாசம் உளி போட்டா நாலு. அப்பால உன் லிஃப்ட்டுக்கு ஜாலிதான், டெய்லி கொறஞ்சிகினே வரும்."

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

மறைமலைநகரில் ஒரு வீட்டில் லிஃப்ட்டை மாட்டி முடித்தோம். பூஜை போட்டார்கள். வழக்கம்போல் நான்கு டயருக்கும் முன்னால் ஒட்டி நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார் வீட்டுக்கார அம்மா. பொத்தானை அமுக்கியதும் கார் மேலே போனது. பழம் நான்கும் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தன. அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. பழம் நசுங்காமல் ஒரு வண்டி கிளம்பியதை அவர் பார்த்ததே இல்லை. வீட்டுக்காரர் எங்களை முறைத்தார்.

தேவா அண்ணன் பழங்களை டயருக்கு நேர் கீழே நகர்த்தி வைத்துவிட்டு, காரை மெதுவாக இறக்கினார். நான்கும் ஒரே நேரத்தில் நசுங்கின. "இது ஏறும்போது நசுக்காது அண்ணி. மேல போறதுக்கு மோட்டாரு போதும். கீழ வர்றதுக்குத்தான் சாமி வேணும்" என்றார்.

கேரண்டி

எங்கள் ஓனர் எழுத்தில் கேரண்டி எதுவும் தர மாட்டார். அதற்குப் பதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். விற்கப்போகும் லிஃப்ட்டில் ஷெட்டின் பழைய வேன் ஒன்றை ஏற்றி உயர்த்துவார். எதிர்க் கடையிலிருந்து டீ வரும். கிளாஸை வாங்கிக்கொண்டு வேனுக்கு அடியில் போய் நிற்பார். அவசரமே இல்லாமல், ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு வெளியே வருவார். வாங்க வந்தவர்கள் அந்த டீ முடிகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் என் மேஜையிலிருந்து பார்ப்பேன். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

மதுராந்தகத்திலிருந்து வந்த ஒரு விவசாயி மட்டும் அசரவில்லை. ஓனர் காலி கிளாஸோடு வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "சீக்கிரம் குடிச்சிட்டீங்க. இன்னொரு கிளாஸ் சொல்லட்டுமா?"

இடது தூண்

சபாபதி சார் கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். புதுப்பட்டினத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் உயரமான ஷெட்டு, ஷெட்டுக்குள் இருபத்தெட்டு வருஷமாக அவர் கையைத் தவிர வேறு கை படாத ஒரு பச்சை நிறக் கார். முழங்கால் தேய்ந்துவிட்டது. காருக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க முடியாது. மனைவி பார்வதி அம்மாதான் காலைப் பிடித்து வெளியே இழுப்பார். "இவரை இழுத்து இழுத்து என் தோள்பட்டை போச்சு. ஒண்ணு லிஃப்ட் வாங்கட்டும், இல்லேன்னா பையன் சொல்ற மாதிரி காரை வித்துடட்டும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பையன் பொங்கலுக்கு வந்து அதைப் பேசி முடிப்பதாக இருந்தது.

வீட்டுக் கரண்டில் ஓடுகிற லிஃப்ட் பழையதில் அபூர்வம். ஏழு மாதம், சனிக்கிழமை தவறாமல் சார் பஸ் ஏறி வந்து, "ஏதாவது வந்ததாம்மா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்வதற்கு எனக்கு அவமானமாக இருக்கும். கார்த்திகைக் கடைசியில் ஒன்று வந்தது, கடற்கரையோரம் மூடிக் கிடந்த ஒரு சர்வீஸ் ஸ்டேஷனிலிருந்து. உப்புக்காற்று தின்ற தூண்கள். தேவா அண்ணன் தங்கை மகளின் காதுகுத்துக்குப் போயிருந்த மூன்று நாளில், ஓனர் அதற்கு நீல பெயிண்ட் அடித்து முடித்துவிட்டார். அண்ணன் திரும்புவதற்குள் தம்பதி இருவரும் வந்தார்கள். சார் தூணைத் தடவித் தடவிப் பார்த்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தூணுக்குள்ளும் ஒரு கொக்கி உண்டு. கார் ஏற ஏற அது தூணின் உள்பக்கப் பற்களில் ஒவ்வொன்றாக விழுந்து 'டக்' என்று சத்தம் போடும். தூக்கும் ஆயில் கசிந்தாலும் இழுக்கும் கம்பி அறுந்தாலும் அந்தக் கொக்கிதான் காரைப் பிடிக்கும். இரண்டு தூண், ஆகவே இரண்டு சத்தம்: டக்-டக், டக்-டக். இரண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் பில் புத்தகம் எழுதினேன்.

அன்று வேன் ஏறியது. டக். டக். டக். வலது தூண் மட்டும்.

டீ வந்துவிட்டது. ஓனர் கிளாஸை வாங்கினார். சபாபதி சாருக்கு ஆசை தாங்கவில்லை. ஓனருக்கு முன்னால் அவரே வேனுக்கு அடியில் போகக் காலை எடுத்து வைத்தார். நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. என் குரலுக்கு முன்னால் அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

"சார், அடியில போகாதீங்க. இடது பக்கம் சத்தம் வரல."

"இன்னா சத்தம்? ஃபேனுக்குக் கீழ குந்திகினு உனுக்கு இன்னா கேட்டுச்சு?" என்றார் ஓனர்.

"இன்னொரு தடவை ஏத்துங்க" என்றார் சபாபதி சார். இறக்கி ஏற்றினார்கள். டக். டக். டக்.

"புது பெயிண்ட்டு சார், ஒட்டிகினு கீது. போகப் போக வுட்ரும்."

"சரி. அப்ப நீங்க டீயைக் குடிங்க" என்றார் சார். குரலை உயர்த்தவில்லை.

ஓனர் கிளாஸைப் பார்த்தார். இடது தூணைப் பார்த்தார். டீயில் ஆடை கட்டிவிட்டது. நின்ற இடத்திலேயே நின்று, ஒரே மடக்கில் குடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தேவாவுக்குப் போன் போடு."

காது

தேவா அண்ணன் வந்து தூணைத் திறந்தபோது கொக்கியின் ஸ்பிரிங் துருவாக உதிர்ந்தது. கொக்கி பெயிண்ட்டில் ஒட்டிக் கிடந்தது. இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினார். அதன் பிறகு எந்த லிஃப்ட்டை ஏற்றினாலும் ஓனர் என் மேஜைப் பக்கம் திரும்பி, "காது வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவார். அந்தப் பெயர் கடை மூடும் வரை நிலைத்துவிட்டது. இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. சில நாள் கூப்பிட்டால் தேவலை என்று இருக்கும்.

இரண்டரை வருஷத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: பழைய லிஃப்ட் வாங்குவது என்பது, விற்பவர் எங்கே நின்று டீ குடிக்கிறார் என்று கவனிப்பது.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் புதுப்பட்டினத்தில் மாட்டினோம். என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சபாபதி சாரே பொத்தானை அமுக்கினார். பச்சைக் கார் தரையை விட்டு எழுந்தது. டக்-டக், டக்-டக், டக்-டக். உச்சிக்குப் போய் நின்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினேன்.

ஓனர் டீயைத் தேடினார். சமையலறையிலிருந்து பார்வதி அம்மா தட்டில் காபி கொண்டுவந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். காலித் தட்டை சார் கையில் திணித்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தன் டம்ளரோடு காருக்கு அடியில் போய் நின்றார். அண்ணாந்து பார்த்தபடி, ஊதி ஊதி, காபியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.